பல்லி சொன்ன வருஷ வாக்கு

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி முதல் தேதி. காலைப் பூசை முடிந்து, சேலம் பக்கத்து அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் பங்குக் கோயில் வாசல் வேப்ப மரத்தடியில் நின்று கேக் தின்றுகொண்டிருந்தேன். கேக்கில் இருக்கிற முந்திரியை மட்டும் தோண்டி ஓரமாக வைத்துக் கடைசியில் சாப்பிடுவது என் கொள்கை. கொள்கைப்படி கடைசி முந்திரியை வாயில் போட்ட அதே செகண்டில்தான் அது நடந்தது.

போன வாரம் இதே பத்தியில் என் அரியர் புராணத்தைப் படித்த ஒரு வாசகர், "இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சங்கூட வெட்கமே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். இருந்தது சார். மொத்த ஸ்டாக்கும் இந்த ஒரு சம்பவத்திலேயே காலியாகிவிட்டது.

"ஜெனி! எங்க போயிட்டே? இங்க வா சாமி, இதப் படி!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது ஸ்டெல்லாக்கா. எங்களுக்கு அடுத்த தெரு. நாற்பதைத் தொடப்போகிற வயசு. பச்சைப் பட்டுப்புடவை, அதற்குக் கீழே ரப்பர் செருப்பு. கையில் ஒரு சின்ன அட்டை.

"சத்தமாப் படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாங்கிப் படித்தேன்.

'எழுந்து போ. கதவு பூட்டப்படவில்லை, சாத்தித்தான் இருக்கிறது. — நேயா 7:14'

"எப்புடி? எனக்குன்னே எழுதுன மாதிரி இருக்குதல்லோ?" அக்காவின் கண்ணில் தண்ணீர்.

என் கண்ணிலும் தண்ணீர். முந்திரி தப்பான குழாயில் போய்விட்டது.

ஏனென்றால், எங்கள் விவிலியத்தில் மொத்தம் எழுபத்து மூன்று புத்தகங்கள். அதில் 'நேயா' என்று ஒரு புத்தகம் கிடையாது. நேயா என்பவள், நான் யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்த மாயாஜால நாவலின் ஹீரோயின். அந்த வரியை அவளிடம் சொல்வது ஆண்டவர் இல்லை.

ஒரு பல்லி.

முந்நூறு குடும்பம், முந்நூறு வசனம்

எங்கள் பங்கில் ஒரு பழக்கம். புத்தாண்டுப் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் ஒரு பிரம்புத் தட்டு வைப்பார்கள். அதில் வசனம் அச்சடித்த குட்டி அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். வீட்டுக்கு ஒருவர் போய்க் கண்ணை மூடி ஒன்று எடுக்கணும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க உங்களுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. சிலர் அதை லேமினேட் போடுவார்கள். சிலர் பர்ஸில் வைப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு ஒரு தடவை நாக்கை அடக்கிப் பேசச் சொல்லி ஒரு வசனம் வந்தது. அப்பா அதற்கு ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டினார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான்.

முன்பெல்லாம் முப்பது வசனத்தையே திருப்பித் திருப்பி அச்சடிப்பார்கள். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரே வசனம் வரும். "ஓ, உங்களுக்கும் அதேதானா?" என்று, கல்யாண வீட்டில் ஒரே மாதிரிப் புடவை கட்டி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் புதுசாக வந்த ஃபாதர் ரொம்ப யூத். கிடாரெல்லாம் வாசிப்பார். "இந்த வருஷம் முந்நூறு குடும்பத்துக்கும் முந்நூறு வெவ்வேற வசனம். யார் டைப் பண்ணித் தர்றீங்க?" என்றார்.

பின்பெஞ்சிலிருந்து எங்கள் அம்மாவின் குரல்: "எங்க ஜெனி கண்ண மூடிக்கிட்டே அடிப்பா ஃபாதர்!"

உண்மை. அப்படித்தான் அடித்தேன். பிரச்சனையே அதுதான்.

ஃபாதர் வசன எண்கள் மட்டும் லிஸ்டாக அனுப்பியிருந்தார். நான் ஒவ்வொன்றாக ஃபோனில் தேடி, காப்பி எடுத்து, பட்டியலில் ஒட்டணும். முதல் ஐம்பது பக்தியோடு. அடுத்த நூறு கடமைக்கு. அதற்கப்புறம் மூளையை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிவிட்டு விரலை மட்டும் ஓடவிட்டேன். அன்றைக்கு மத்தியானம்தான் என் நாவலிலிருந்து ஒரு வரியைத் தோழிக்கு அனுப்பக் காப்பி எடுத்திருந்தேன். நடுவில் ஏதோ ஒரு வசனம் சரியாகக் காப்பி ஆகவில்லை போல. நான் ஒட்டியபோது வந்து உட்கார்ந்தது பழைய சரக்கு. பல்லியின் வரி.

'நேயா 7:14' எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மறைக்கல்வி வகுப்பில் வளர்ந்த பிள்ளை நான். எதை எழுதினாலும் அதிகாரம், வசனம் என்று எண் போட்டுத்தான் எழுத வரும். ஏழாவது அத்தியாயம், பதினாலாவது பத்தி.

"ப்ரூஃப் பார்த்தியா?" என்று ஃபாதர் கேட்டார்.

"பக்காவா பார்த்தாச்சு ஃபாதர்."

கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். அதுதான் ப்ரூஃப்.

முள் அசையாத பொண்ணு

நாவலைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். சீன் போடுவதற்காக இல்லை. தெரிந்தால்தான் மேலே புரியும்.

நேயாவின் நாட்டில் பதினாறு வயசு ஆனதும் எல்லாரையும் ஊர் நடுவில் இருக்கிற ராட்சசத் தராசில் ஏற்றி நிறுத்துவார்கள். முள் எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் உங்கள் மதிப்பு. அதை வைத்துத்தான் வேலை, வீடு, மரியாதை எல்லாம். நேயா ஏறுகிறாள். முள் அசையவே இல்லை. பூஜ்யம். தராசுக்காரர்கள் அவளைக் கொண்டுபோய் எடையில்லாதவர்களின் அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அங்கேயே ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் ஒரு பேசுகிற பல்லி. அதுதான் ஒரு நாள் அந்தக் கதவைப் பற்றிச் சொல்கிறது.

இதெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. எட்டு வயசில் அம்மாவோடு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போயிருந்தேன். மூட்டை தூக்குகிற ஒரு அண்ணன் விளையாட்டாக என்னைத் தூக்கிப் பெரிய தராசில் உட்கார வைத்தார். "இது ஒரு மூட்டை சீரகம்கூடத் தேறாதே!" என்றார். கடையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை. ஆனால் சாக்கு வாசனையும் மிளகாய் நெடியும் எங்கே அடித்தாலும் எனக்கு இன்னும் அந்த முள்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் காலேஜ். கடைசி வருஷம் கேம்பஸுக்கு ஏழு கம்பெனி வந்தது. ஏழும் என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டுப் போய்விட்டன. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நாவல் எழுத ஆரம்பித்தேன். கதைகள் போடுகிற ஒரு ஆப்பில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டேன். எனக்குப் பதினோரு வாசகர்கள். அதில் ஒருவர், வேறு பெயரில் நானே.

ஏழாவது அத்தியாயத்தில் பல்லி பேசியதும் கதை நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை டிராகன் வைத்துப் பார்த்தேன், மொக்கை. இளவரசனை வைத்துப் பார்த்தேன், அதைவிட மொக்கை. ஆறு மாசம் நேயா கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நானும்தான்.

ரிவர்ஸில் இரண்டு முறை

இப்போது வேப்ப மரத்தடிக்குத் திரும்பி வருவோம். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லாக்கா நிற்கிறார்.

அவருக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். அவர் அப்பா லாரி டிரைவர். சின்ன வயசில் லீவு விட்டால் அக்கா லாரி கேபினில்தான் இருப்பாராம். பதினெட்டு வயசிலேயே வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் பதினாறு வருஷமாக அவர் பார்ப்பது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை. கஸ்டமர் கலைத்துப் போட்டதை மடிக்கணும். மடித்ததும் அடுத்தவர் வந்து கலைப்பார்.

சேந்தமங்கலம் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு கோழிப்பண்ணைக்காரர், சேலம் கடைகளுக்கு முட்டை வண்டி ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். "லைசென்ஸோட வா, வண்டிய எடுத்துக்க" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போனார். இரண்டு தடவையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லை இடித்து ஃபெயில். "இந்த வயசுல எதுக்கு நமக்கு" என்று விட்டுவிட்டார்.

"இப்ப பாரு, ஆண்டவரே சொல்லிட்டாரு," என்றார் அக்கா. "வார சனிக்கெழம கடையில சொல்லிடப் போறேன். தையில முட்டை வண்டிதான்."

அந்தக் கடையில் ஒருவர் நின்றால் மறுநாளே படியில் இன்னொரு பெண் நிற்கும். திரும்பிப் போக வழி கிடையாது. லைசென்ஸ் இன்னும் கையில் இல்லை. ஒரு பல்லியை நம்பிப் பதினாறு வருஷ வேலையை விடப்போகிறார். சனிக்கிழமைக்குள் நான் உண்மையைச் சொல்லியாகணும்.

சொன்னேனா? வாயில் இருந்த முந்திரியை விழுங்கிவிட்டு, "சூப்பர்க்கா" என்றேன்.

ரொம்பப் புதுசு

செவ்வாய்க்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் நுழைந்ததும் முதலில் வருவது அட்டை அச்சடித்த அச்சகம். முருகேசண்ணன் நடத்துகிறார். திருச்செங்கோட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதி.

"வாங்க பாப்பா! உங்க சாமி வசனம் ஒண்ணு நெம்ப நல்லா இருந்துச்சுங்க. நமக்கும் ஒண்ணு சேர்த்து ஓட்டிக்கிட்டேன். தப்பில்லீங்களே?"

மேசைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். நேயா 7:14.

"இல்லீங்கண்ணா," என்றேன். காது சூடாகிவிட்டது. வெட்கம் பாதி. மீதி என்ன என்று அப்போது ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. பதினோரு பேரில் ஒருவர்கூட என் வரி நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஜவுளிக்கடையில் பொங்கல் கூட்டம். ஸ்டெல்லாக்கா துணிச்சுருளை ஸ்டீயரிங் மாதிரிப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிற பெண்கள், "அக்கா, ஹார்ன் அடிங்க! முன்னாடி எருமை!" என்று கலாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனி, நல்ல நேரத்துல வந்தே," என்றார் அக்கா. "இந்த நேயாங்கறது பழைய ஏற்பாடா, புதிய ஏற்பாடா? தேடிப் பாத்தேன், சிக்கல."

"புதுசுக்கா," என்றேன். "ரொம்பப் புதுசு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொண்ணு."

"பாத்தீங்களாடி!" என்று தோழிகள் பக்கம் திரும்பினார். "ரூத்து, எஸ்தர் மாதிரி. பொம்பளைப் புள்ள பேர்ல இருக்கற புஸ்தகம். எனக்கு வரணும்னு இருந்திருக்குது."

இதற்கு மேல் அங்கே எப்படிச் சொல்வது? ஒரு கர்ச்சீப் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கர்ச்சீப்பையும் அவர்தான் மடித்துக் கொடுத்தார்.

மொத்தம் எத்தனை பல்லி?

சனிக்கிழமை வந்தும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர், இந்தப் பக்கம் நான். யார் என்று தெரியாத மாதிரி அவர் கேட்பார். தெரியாத மாதிரி நானும் சொல்லணும்.

"ஃபாதர், நான் விவிலியத்துல ஒரு பல்லியைச் சேர்த்துட்டேன்."

அவர் காதைத் தடுப்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"உயிரோடவா?"

முழுசாகச் சொன்னேன். காப்பி, பேஸ்ட், கட்டைவிரல், கேக் வரைக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் வந்தது. அப்புறம் மறுபடியும் இருமல். அவர் உட்கார்ந்திருந்த பெஞ்ச் ஆடுகிற சத்தம் கேட்டது. இருமுகிறவருக்குப் பெஞ்ச் ஆடாது.

"மொத்தம் எத்தனை பல்லி?"

"ஒண்ணுதான் ஃபாதர். நேத்து முந்நூறையும் ஒவ்வொண்ணா பார்த்துட்டேன்."

"அதை டிசம்பர்ல பண்ணியிருக்கலாம்."

"ஆமா ஃபாதர்."

"மூணு அருள் நிறை மரியே ஜெபம் சொல்லு. அப்புறம் நேரா அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லு. இன்னொண்ணு... அந்தப் பல்லி என்ன சொல்லுச்சு, மறுபடி ஒரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"ம்ம்," என்றார். "நல்லாத்தான் சொல்லியிருக்கு."

நாலு செங்கல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆத்தூர் ரோட்டோரம் இருக்கிற காலி மைதானத்துக்குப் போனேன். டிரைவிங் ஸ்கூல் காரில் ஸ்டெல்லாக்கா ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்தார். நாலு மூலைக்கு நாலு செங்கல். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் தூரத்தில் டீக்கடையில். என்னைப் பார்த்ததும், "ஏறு சாமி, பக்கத்துல உக்காந்து செங்கல்லப் பாத்துச் சொல்லு," என்றார் அக்கா.

ஏறினேன். சீட்டில் வெயில் சுட்டது.

"அக்கா, அந்த வசனம்..."

"என்ன சாமி?"

"அது வசனம் இல்லக்கா. நான் எழுதுனது. ஒரு கதையில. தப்பா ஒட்டிட்டேன்."

டக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரம் செங்கல்மேல் ஏறி நின்றது.

"நீ எழுதுனதா? அப்ப ஆண்டவர் சொன்னதில்லையா?"

"இல்லக்கா. ஒரு பல்லி சொல்லும்."

"பல்லியா?"

"பேசுற பல்லி."

அக்கா ஸ்டீயரிங்கையே பார்த்தார். நான் அவர் கையையே பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில், வருஷக்கணக்காகத் துணி மடித்து ஓரம் தேய்த்ததில் காய்த்துப் போன தடம்.

"சனிக்கெழம வரைக்கும் பொறுக்க மாட்டாம வெசாழக்கெழமயே கடையில சொல்லிட்டேன்டி," என்றார் மெதுவாக. "என்ற எடத்துக்கு ஆளும் வந்துருச்சு. அந்தப் புள்ளைக்கு நாந்தான் மடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

"அக்கா, நான் வேணா கடையில வந்து..."

"எறங்கு."

இறங்கினேன். ஜன்னல் வழியாகக் கை நீண்டது. அந்த அட்டை. "நீயே வெச்சுக்க."

அப்புறம் நடந்தது அவருக்கே தெரியாது. கோபத்தில் கியரைப் போட்டு, செங்கல்லை விட்டு இறங்கி, முன்னால் போய், ஒரே மூச்சில் பின்னால் வந்தார். வண்டி நாலு செங்கல்லுக்கும் நடுவே அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து நின்றது. ஒரு கல்லையும் தொடவில்லை. அவர் கவனிக்கவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். கை தட்டணும் போல இருந்தது. தட்டியிருந்தால் அடுத்த ரிவர்ஸ் என்மேல்தான்.

என் பல்லியக் குடு

இரண்டு வாரம் அக்கா என்னிடம் பேசவில்லை. கோயிலில் எப்போதும் எங்கள் பெஞ்சில் உட்காருகிறவர், தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கும்பிடு போடுவார்கள் இல்லையா, அப்போதுகூட என் திசையைத் தவிர்த்து எட்டுத் திசைக்கும் போட்டார்.

நாவலை அழித்துவிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று ஃபோன் கேட்டது. ஆமாம் என்று அமுக்க விரல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு வசனம் அடித்த விரல், ஒரு பட்டனை அமுக்க மாட்டேன் என்றது.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலையில் அம்மாவும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கேட்டில் ஸ்டெல்லாக்கா.

"ஜெனி, என் பல்லியக் குடு."

"என்னது?" என்றார் அம்மா.

நான் எழுந்து நின்றேன். வெங்காயத்தில் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் மானம் தப்பியது.

"ஃபாதர்கிட்டப் போயி நெசமான வசனம் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன்," என்றார் அக்கா. "தட்டுல நாலஞ்சு மிச்சம் கெடந்துச்சு. எடுத்தேன். பொறுமையாக் காத்திருன்னு வந்துச்சு. நல்ல வசனந்தான் கண்ணு, ஆண்டவர் வாக்கு, நா தப்புச் சொல்ல மாட்டேன். கண்ணுல ஒத்திப் பீரோவுல வெச்சிருக்கறேன். ஆனாப் பதினாறு வருசம் பொறுமையாத்தான் மடிச்சேன். இந்த ஒரு வருசத்துக்கு எது வேணும்னு நானே எடுத்துக்கறேன். குடு."

"அக்கா, அது வெறும் பல்லிக்கா."

"இருக்கட்டுமே. எங்க மொதலாளியம்மா பல்லி கத்துனா விரல்ல மூணு தட்டுத் தட்டும். பல்லி சொன்னாப் பலிக்கும்பாங்க."

ஓடிப்போய் அட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். "அன்னிக்கு ரிவர்ஸ் கரெக்டா எடுத்தீங்கக்கா. நாலு செங்கல்லுக்கும் நடுவுல. நான் பார்த்தேன்."

"என்னிக்கு?"

"என்னைத் திட்டி இறக்கிவிட்டீங்கல்ல, அன்னிக்கு."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "நெசமாவா?" முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "அப்ப டெஸ்ட் அன்னிக்கு மறுக்கா உன்னியத் திட்டிட்டுப் போனாச் சரியாப் போவும்."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"ஆமா, அந்தக் கதையில வார புள்ள கதவத் தொறந்தாளா இல்லையா?"

"தெரியலக்கா. அங்கேயே நிக்குது. ஆறு மாசமா."

"ஏன்டி," இடுப்பில் கை வைத்துக்கொண்டார் அக்கா, "கதவு பூட்டலைன்னு ஊருக்கே அட்டை அடிச்சுக் குடுத்துட்டு, நீ உள்ளாரயே குந்திக்கிட்டு இருக்கறயா?"

"என்ன கதவு? என்ன கதை?" என்றார் அம்மா. "பரீட்சைக்குப் படிக்கறேன்னு சொன்னியேடி?"

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் அது தனி அத்தியாயம். சுருக்கமாக: ஹாலில் மாட்டியிருந்த அந்த ஃப்ரேம் அன்றைக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் தொங்கியது.

அந்தப் பக்கம்

திட்டு ஓய்ந்ததும் மத்தியானமே உட்கார்ந்தேன். வெங்காய வாசனை போகாத விரலோடு எட்டாவது அத்தியாயத்தை அடித்தேன். கண்ணைத் திறந்துகொண்டு.

நேயா கதவைத் தள்ளினாள். டிராகன் இல்லை. இளவரசன் இல்லை. ஒரு சாதாரண மண் ரோடு. அதன் ஓரத்தில், பனைமர உயரத்தில் இரண்டு ராட்சசக் கோழிகள் பூட்டிய ஒரு வண்டி. வண்டி நிறைய முட்டை. ஓட்டுகிறவள் நாற்பது வயசுக்காரி. வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏறு சாமி, வெசயாப் போகணும்," என்றாள்.

"என் எடை எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள் நேயா.

"எதுக்கு? நீ என்ன மஞ்ச மூட்டையா?"

இதை எழுதிவிட்டு நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எட்டு வயசிலிருந்து என் மண்டைக்குள் நின்றிருந்த முள்ளை யாரோ பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. அத்தியாயத்தை ஆப்பில் போட்டேன். ஏழு கம்பெனி இன்னும் திரும்பிக் கூப்பிடவில்லை. ஆனால் முருகேசண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங் பாப்பா, உங்கம்மா வந்து சொல்லிச் சிரிச்சுட்டுப் போனாங்க. அந்த வசனத்துக்குச் சொந்தக்காரங்க நீங்கதானாமே? கோழி வண்டி எங்கதானுங் போவுது? ஒம்பதாவது அதிகாரம் எப்பங் வரும்?"

பன்னிரண்டாவது வாசகர். மேசைக்கு மேலே இருந்த அட்டையைக் கிழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "எதுக்குங்? முருகனே ஒண்ணும் சொல்லல," என்றார்.

மாசியில் ஒரு காலை, எங்கள் வீட்டு வாசலில் லாரி ஹார்ன் மாதிரி ஒரு சத்தம். தலைகூட வாராமல் வெளியே ஓடினேன். வெள்ளை நிற மினி வேன். பின்னால் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். டிரைவர் சீட்டில், காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு ஸ்டெல்லாக்கா. டெஸ்ட்டில் கல்லைத் தொடாமல் வந்து நின்றாராம். உள்ளே போவதற்கு முன்னால் மூன்று தடவை என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டாராம்.

"சேந்தமங்கலத்துல எடுத்தேன், ஒரு முட்டை ஒடையல," என்றார். "செவ்வாய்ப்பேட்டைக்குத்தான் போறேன். எங்க கடை வாசல்லயே நிறுத்தி ஹார்ன் அடிக்கப் போறேன். நீயும் வா, வந்து பாரு."

நான் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறினேன். முன்னால் ஒரு குட்டி மாதா சுரூபம். அதன் காலடியில் அந்த அட்டை, பிளாஸ்டிக் உறை போட்டு.

"அக்கா, அந்த நேயா 7:14-ஐ மட்டும் பேனாவால அடிச்சிரட்டுமா? யாராவது விவிலியம் தெரிஞ்சவங்க பார்த்தா மானம் போயிடும்."

"கெடக்கட்டும். கேட்டா புதுசுன்னு சொல்லிக்கறேன். ரொம்பப் புதுசு." கியரைப் போட்டார். வண்டி ஒரு உதறு உதறியது. பின்னால் முட்டைகள் மெல்லக் கிலுகிலுத்தன. "கதவ நல்லாப் புடிச்சுக்க சாமி. அது பூட்டாது, சும்மா சாத்தித்தான் வரும்."